கறி வேகாத நேரம்

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் "எப்படி இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டாய். நான் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். உன் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினேன். திருநள்ளாறு தாண்டும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை. வாயால் சொல்லியிருந்தால் பாதி சமாதானமாகவும் பாதி கண்டிப்பாகவும் போயிருக்கும். எழுதினால்தான் சரியாக வரும். உன்னோடு ஆடுகிற பிள்ளைகள், அந்த இரண்டு சமையல் அக்காக்கள், கஞ்சி காய்ச்சும் பண்டாரி பாய், தவில்காரத் தம்பி எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் இதை ஊரறிய எழுதுகிறேன்.

அடுப்படியை வைத்து ஆட்டம் செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே பெரிது. சமைக்கிறவர்களையே கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்தது அதைவிடப் பெரிது. அந்தத் துணிச்சல் உன் வயதில் எனக்கு இருக்கவில்லை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் துணிச்சலை நீ பாதி வழியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அன்றைக்கு நான் பார்த்தது இது. நீ நடுவில் அரைமண்டியில் நின்றாய். கர்த்தரீமுகம் பிடித்துக் காய் நறுக்கினாய், கையைக் குவித்து உப்புப் போட்டாய், முகர்ந்தாய், முகம் மலர்ந்தாய். எல்லாம் சுத்தமாக இருந்தது. உனக்குப் பின்னால் பெரிய அக்கா அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். என் கண் அவரைவிட்டு நகரவே இல்லை. ஒரு கால் பலகையை அழுத்தியிருந்தது, மற்ற முழங்கால் மார்புக்கு நேராக நிமிர்ந்திருந்தது. உடம்பின் பாரம் முழுக்க அந்த அழுத்திய காலில். கை அரிவாளைத் தேடவில்லை. காய்தான் அரிவாளிடம் போய்வந்தது. அவர் கையைப் பார்க்கவே இல்லை, உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கை சமையலைச் சொல்லிக்கொண்டிருந்தது, அவர் உடம்பு சமைத்துக்கொண்டிருந்தது. ஒரே மேடையில் இரண்டும் இருந்தால் சொல்லுகிற கை தோற்றுப்போகும்.

இதே இடத்தில் நானும் தோற்றிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அன்னத்தைப் பற்றி ஒரு நாட்டியம் அமைத்தேன். பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை எல்லாம் இரவல் வாங்கிப் பளபளவென்று புளிபோட்டுத் தேய்த்து மேடையில் அடுக்கினோம். கைதட்டலும் கிடைத்தது. ஆட்டம் முடிந்து சலங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அன்று எங்களுக்குச் சாப்பாடு செய்துபோட்ட அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் நல்லா இருந்துச்சு தாயி. ஆனா நீங்க தூக்கின எதுலயுமே கனமில்லையே" என்றார். குறை சொல்லவில்லை, வருத்தப்பட்டார். அந்தச் சொல் இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நாட்டியத்தை நான் ஆடவில்லை.

கனத்தை முதலில் கற்றுக்கொள். கல்யாண வீட்டில் சாதம் வடிக்கிறதைப் போய்ப் பார். அண்டாவின் இரண்டு காதிலும் ஈரத்துணி சுற்றி இரண்டு பேர் பிடிக்கிறார்கள். சாய்க்கிறதற்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், மூச்சை இழுத்து நிறுத்துகிறார்கள். ஆவி மேலே வரும்போது இருவர் முகமும் எதிரெதிர்ப் பக்கம் திரும்புகிறது, கை மட்டும் திரும்புவதில்லை. பாரம் தோளில் இல்லை, இடுப்பில் இருக்கிறது, அங்கிருந்து குதிகாலுக்கு இறங்குகிறது. கொதிகஞ்சி ஒரு சொட்டு காலில் பட்டாலும் பிடி விடக் கூடாது. இதில் நீ அமைக்க வேண்டிய அடவு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே அமைந்திருக்கிறது. உன் பிள்ளைகள் பதினைந்து நாள் தண்ணீர் நிறைந்த அண்டாவைத் தூக்கி வைத்துப் பழகட்டும். அப்புறம் வேண்டுமானால் வெறும் அண்டாவைத் தூக்கச் சொல். அப்போதுதான் காலி அண்டாவும் கனக்கும்.

தைவானில் லின் ஹுவாய்மின் என்ற நடன ஆசிரியர் இருக்கிறார். 'கிளவுட் கேட்' என்பது அவர் தொடங்கிய குழு. 2013-இல் 'அரிசி' என்று ஒரு படைப்பைச் செய்தபோது, தன் ஆட்டக்காரர்களை சிஷாங் என்ற ஊர் வயலுக்கு அழைத்துப்போய் அறுவடையில் இறக்கினார். மண்ணும் வெயிலும் முதலில் உடம்பில் ஏறட்டும் என்றுதான். நாம் தைவானுக்குப் போக வேண்டியதில்லை. உன் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் வயல்தான்.

அடுத்தது நேரம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

உன் ஊர்ப் பக்கத்தை ஒருமுறை நினைத்துப் பார். காரைக்காலில் அம்மையார், திருநள்ளாற்றில் நளன், அம்பகரத்தூரில் காளி. மூன்றும் 15 கிலோமீட்டருக்குள். அடுப்படியைப் பற்றி ஆட நினைக்கிற ஒருத்திக்கு இதைவிட வேறு மண் வேண்டுமா?

அம்மையார் கதையை மாங்கனித் திருவிழாக் கதையாகவே நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் தெருவில் வருவார், மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் முந்தானை ஏந்துவார்கள். ஆனால் சேக்கிழார் எழுதியதைக் கவனித்துப் படி. புருஷன் கடையிலிருந்து இரண்டு மாங்கனி கொடுத்தனுப்புகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு சிவனடியார் பசியோடு வருகிறார். வீட்டில் சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. காத்திருக்கச் சொல்ல முடியாத பசி. அம்மையாராக ஆகப்போகிற புனிதவதி சோற்றைப் படைத்து, கறிக்குப் பதிலாக ஒரு மாங்கனியை வைக்கிறாள். அவ்வளவுதான். அந்தக் கறி அரை நாழிகை முன்னால் வெந்திருந்தால் மாங்கனி இலைக்குப் போயிருக்காது. புருஷன் இரண்டாவது பழம் கேட்டபோது அவள் திகைத்து நின்றிருக்க வேண்டியதில்லை, கையில் அதிசயக் கனி வந்திருக்காது, அவன் பயந்து கப்பலேறியிருக்க மாட்டான், அவள் உடம்பின் தசையை உதறிப் பேயுருவாகித் தலையால் கயிலை ஏறியிருக்க மாட்டாள், திருவாலங்காட்டு ஆட்டத்தின் காலடியில் உட்கார்ந்து பாடியிருக்க மாட்டாள். நம் மொழியில் ஆட்டத்தை அத்தனை நெருக்கத்தில் பார்த்துப் பாடிய முதல் பெண்ணின் கதை முழுக்க, ஓர் அடுப்படியில் கறி வேகாத நேரத்தில் தொடங்குகிறது.

எல்லோரும் பழத்தை ஆடுகிறார்கள். நீ அந்தக் காத்திருப்பை ஆடு. பசித்தவர் திண்ணையில். சோறு தயார், கறி கொதிநிலையில். இலை போட்டாயிற்று. அவள் கண் அடுப்புக்கும் வாசலுக்குமாகப் போய்வருகிறது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று சமைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். உன் இப்போதைய படைப்பில் சமையல் ஒரு பல்லவிக்குள் முடிந்துவிடுகிறது: நறுக்கினாய், தாளித்தாய், பரிமாறினாய். அடுப்பு அப்படி வேலை செய்வதில்லை. அங்கே செய்கிற வேலையைவிடக் காத்திருக்கிற வேலை அதிகம். மேடையில் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காமல், ஆனால் எல்லோர் உடம்பும் விழித்திருக்கும்படி உன்னால் நிறுத்த முடியுமா? முடிந்தால் உனக்கு ஒரு படைப்பு கிடைத்துவிட்டது.

நளன் கதையிலும் இதேபோல ஒன்றைப் பார். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம் நள தீர்த்தத்தில் முங்கிக் கரையேறிப் போகிறது. அவன் சமையல்காரன் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. உருவம் மாறி, வாகுகன் என்று பேர் மாறி, இன்னொரு அரசனிடம் தேரோட்டியாக இருந்தவனை மனைவி தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? தோழியை அனுப்பி வேவு பார்க்கிறாள். அவன் பார்த்தாலே பாத்திரத்தில் தண்ணீர் நிறைகிறது, புல்லைப் பிடித்தாலே தீப்பற்றுகிறது என்று தோழி வந்து சொல்கிறாள். அதோடு தமயந்தி நிறுத்தவில்லை. அவன் சமைத்ததில் ஒரு துண்டு எடுத்துவரச் சொல்லி வாயில் வைத்துப் பார்க்கிறாள். நாக்கு சொல்லிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரிகிறது. காரைக்காலிலும் அப்படியே: புனிதவதியின் புருஷன் பரமதத்தன் இரண்டாவது மாங்கனியைத் தின்றவுடன் இது நான் அனுப்பிய பழம் இல்லை என்று அறிந்தது நாக்கால்தான். பக்கத்துப் பக்கத்து ஊர்க் கதை இரண்டிலும் உண்மைக்குச் சாட்சி நாக்கு.

உன் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மேடையில் நாக்குக்கு வேலை இல்லை. பார்க்க வந்தவர்களுக்குக் கண்ணும் காதும் மட்டும். சிலர் இதற்கு நேரடியாகவே வழி கண்டிருக்கிறார்கள். கேரளத்தைச் சேர்ந்த ராய்ஸ்டன் ஏபல் 'தி கிச்சன்' என்ற நாடகத்தில் மிழாவுக் கலைஞர்களை அடுக்கடுக்காக உட்காரவைத்து, முன்னால் ஒரு தம்பதி பேச்சே இல்லாமல் பாயசம் கிண்டும்படி செய்தார். மிழாவே ஒரு குடம்தான், வாயில் தோல் கட்டிய செம்புக் குடம். ஆட்டம் முடியும்போது பாயசம் தயாராகிவிடும், பார்த்தவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். அழகான முடிவு. ஆனால் நீ அதைச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஊரில் கடைசியில் கிண்ணம் கொடுத்தால் அது பிரசாதமாகிவிடும். ஜனங்கள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பார்த்ததை மறந்துவிடுவார்கள். அவர்களைப் பசியோடு வீட்டுக்கு அனுப்பு. வாசனை மட்டும் வரட்டும். வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்காரும்போது உன் ஆட்டம் அவர்களுக்கு ஞாபகம் வரட்டும்.

அழைப்பிதழில் பரத முனிவர் ரசத்தைச் சமையலுக்கு ஒப்பிட்ட வாக்கியத்தைப் போட்டிருக்கிறாய். நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இருப்பதுதான். உணவையும் நாட்டியத்தையும் சேர்த்துப் பேசுகிற எவரும் முதலில் எடுப்பது அதைத்தான். எடுத்துவிடு. காரணம் சொல்கிறேன். அந்த உவமையில் பலவகைச் சரக்கும் கூட்டியாக்கிய உணவு இருக்கிறது, அதை உண்டு மகிழ்கிற ரசிகர் இருக்கிறார். ஆக்கியவர் இல்லை. அது பந்தியில் உட்கார்ந்தவரின் பக்கத்திலிருந்து சொன்ன பேச்சு. உன் படைப்போ பந்திக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பற்றியது. அந்த வாக்கியம் உனக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தெரியும், மெதுவாக உன்னைப் பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும்.

முன்னோர் துணை வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்துக்குப் போ. பூம்புகாரும் நம் கடற்கரைதானே. மாதவியின் அரங்கேற்றத்தை இளங்கோ எவ்வளவு விரிவாக எழுதினார் என்று உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அரங்கின் அளவு, விளக்கு, யாழ், குழல், ஒன்று விடாமல். கண்ணகிக்கு அப்படி ஓர் இடம் மதுரைக்கு வெளியே ஆயர் வீட்டில்தான் வருகிறது, கொலைக்களக் காதையில். அந்த வீட்டுப் பெண் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தர, கண்ணகி காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. செல்வர் வீட்டுப் பெண்ணின் உடம்பு அடுப்பின் முன்னால் என்ன ஆகிறது என்பதை இளங்கோ ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கிறார். பாய் விரித்து, கணவனின் காலைக் கழுவி, குருத்து வாழையிலை போட்டுப் பரிமாறுகிறாள். அவன் உண்கிற கடைசிச் சாப்பாடு அது.

அதை அடுத்த காதையைப் பார். குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர். அந்த ஆயர் வீட்டு மாதரி பதறி, வந்த தீங்கு நீங்க வேண்டும் என்று குரவை ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்கள், குரல் முதல் தாரம் வரை ஏழு சுரத்தின் பேர் வைத்து, கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். பால் உறையாததற்கு ஓர் ஆட்டம்! அடுப்படியில் ஒரு கை தவறினால், ஒரு பானை சொன்னபடி கேட்காவிட்டால், பெண்களுக்கு வருகிற அந்தக் கலக்கத்திலிருந்து ஆட்டம் பிறப்பதை நம் காப்பியம் அப்போதே காட்டிவிட்டது. உன் படைப்பில் எல்லாச் சமையலும் நன்றாகவே முடிகிறது. ஒன்றாவது கெட்டுப்போகட்டும். அடிப்பிடிக்கட்டும், திரிந்துபோகட்டும். நாற்பது பேருக்கு ஆக்கியதில் நூறு பேர் வந்து நிற்கட்டும். அப்போது அந்த அக்காக்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பார், உனக்கு ஒரு முழுக் காட்சி கிடைக்கும்.

இனித் தொழில் பேச்சு.

முறத்தை எடுத்து நீ ஒரே மாதிரி ஆட்டினாய். புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு, நாவுவது வேறு. நாலுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது, நாலுக்கும் மணிக்கட்டு வேறு வேறாகத் திரும்புவதால்தான். புடைக்கும்போது பதர் முன்னால் பறக்கிறது. கொழிக்கும்போது கல்லும் மணியும் பக்கம் பிரிகின்றன. அம்பகரத்தூரில் இன்னும் இந்த நாலும் தெரிந்த கிழவிகள் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார். என்னிடம் நீ எட்டு வருஷம் கற்றாய். அவர்களிடம் எட்டு மாசமாவது கற்றுக்கொள்.

ஒரே உரலில் இரண்டு பேர் இடிப்பதைப் பார்த்திருக்கிறாயா? ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவர் உலக்கை ஏறியிருக்க வேண்டும். கண் சிமிட்டுகிற நேரம் தவறினால் உலக்கையும் உலக்கையும் மோதும். வலக்கை சலித்தால் தாளம் விடாமல் இடக்கைக்கு மாற்றிக்கொள்வார்கள். இடிக்கும்போது பாடுகிற பாட்டை வள்ளை என்று சங்க காலத்திலேயே பேர்வைத்து அழைத்தார்கள். மாணிக்கவாசகர் சுண்ணம் இடிக்கிற பெண்களின் வாயிலிருந்தே ஒரு பதிகம் பாடினார். குழுவாக ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் நம்புவது எப்படி என்று நான் உனக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த உரல் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடும். மேடைப் பலகை மேல் உரல் வைத்தால் அடியில் மணல் மூட்டை போடு, இல்லாவிட்டால் பலகையும் பிளக்கும், சத்தமும் பொய்யாகக் கேட்கும்.

பண்டாரி பாய் நோன்புக் கஞ்சி கிண்டிக் காட்டியபோது, நீ தவில்காரத் தம்பியிடம் "காலம் ஏத்து, காலம் ஏத்து" என்று கை காட்டினாய். பாய் உன் பேச்சுக்காகத் துடுப்பை வேகமாக ஓட்டினார், பாவம். நம் பாடாந்தரத்தில் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறிக்கொண்டே போவோம், உச்சத்தில் தீர்மானம். கஞ்சிக்கு அது நேர்மாறு. தண்ணீராக இருக்கும்போது துடுப்பு வேகமாக ஓடும். நொய் கரைந்து கெட்டிப்படப் படக் கை தாமதமாகும், கால் அகன்று ஊன்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் முதுகு முழுவதும் வேண்டும். அடிப்பிடிக்காமல் இருக்கக் கடைசியில்தான் அதிக கவனம். வேகமாகத் தொடங்கி, கனத்துக் கனத்து, மெதுவாக முடிகிற ஓர் உருப்படியை நீ இதுவரை ஆடியதில்லை, நானும் ஆடியதில்லை. அதை அவரிடமிருந்து எடு. தவில் அவருக்குப் பின்னால் போகட்டும்.

அவரிடம் சகன் சாப்பாட்டைப் பற்றியும் கேள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்தில் இருப்பதை மட்டும் உண்பதும், நல்ல துண்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதும். கோடு கிழிக்காமலே எல்லை தெரிகிறது. நீ வட்டம் அமைக்கத் திணறிக்கொண்டிருந்தாயே, அந்தக் காட்சிக்கு இதைவிட நல்ல வட்டம் கிடைக்காது.

தவில்காரத் தம்பியிடம் ஒன்று சொல். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கிற கறுப்பு, வெந்த சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து இழைத்தது. இடந்தலையில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். கடம் பானையேதான். அடுப்படியை மேடைக்குப் புதிதாகக் கொண்டுவருகிறோம் என்று நினைத்துப் பதறாதே. அது முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

'கூட்டுப் படைப்பு' என்று போட்டிருக்கிறாய். அப்படியானால் சில காரியங்கள் மாற வேண்டும். ஆட்டக்காரர்களின் பேர் பெரிதாகவும், 'மற்றும் சமையல் கலைஞர்கள்' என்று கீழே ஒரு வரியாகவும் இருப்பது கூட்டு ஆகாது. அக்காக்களின் பேரையும் பாயின் பேரையும் அகரவரிசையில் உன் பேரோடு கலந்து போடு. உன் பிள்ளைகளுக்கு என்ன சன்மானமோ அதே அவர்களுக்கும். ஒத்திகை நாளுக்கும் சேர்த்துக் கொடு, ஏனென்றால் அவர்கள் ஒத்திகைக்கு வருகிற நாள் கூலி போகிற நாள். முகூர்த்த மாசத்தில் அவர்களைக் கூப்பிடாதே. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. அப்போது ஒத்திகை வை. அவர்களுக்கும் அந்த மாசங்களில்தான் கை வறண்டிருக்கும். நோன்பு மாசத்தில் பாய்க்கு ஓய்வே இருக்காது என்பதையும் நினைவில் வை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எது சரி, எது பொய் என்று சொல்கிற உரிமையை அவர்களுக்குக் கொடு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம். கடிகாரம் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஒத்திகையின் முடிவிலும் பெரிய அக்காவிடம் "பதம் வந்துச்சாக்கா?" என்று கேள். இல்லை என்றால் மறுபடி செய். என்னிடம் கேட்காதே. நான் அன்று பதில் சொல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கேட்க வேண்டிய ஆள் உன் பக்கத்திலேயே வாழைக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றைச் சொல்லத் தயங்கித் தயங்கி வருகிறேன். உன் படைப்பில் இருக்கிற அடுப்பெல்லாம் எரிகிற அடுப்பு. எரியாத அடுப்பு ஒன்றுகூட இல்லை. நாம் இருப்பது காவிரி கடைமடை. ஊருக்கே நெல் விளைவித்தவர்கள் நீராகாரத்தையும் கூழையும் குடித்துவிட்டு நடவுக்குப் போன மண் இது. இங்கிருந்து தெற்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். ஒரு வீட்டு உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி. அதை நீ மேடையில் நடித்துக் காட்ட வேண்டாம். அது காட்டுகிற விஷயமே இல்லை. ஆனால் காவிரிக் கடைமடையில் அடுப்பைப் பற்றி ஆடுகிறவள் அதைத் தெரியாதவள்போல ஆடக் கூடாது. ஒரு வெறும் படியை மேடையின் ஓரத்தில் வை. யாரும் தொட வேண்டாம். ஆட்டம் முழுக்க அது அங்கே இருக்கட்டும்.

அதேபோல, யார் சமைத்தால் யார் உண்ண மாட்டார்கள் என்ற கணக்கு இன்னும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நடுவில் பள்ளிக்கூடச் சமையல் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் பகுதியில் பள்ளி மதிய உணவு பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930-இல் தொடங்கியது. அங்கே ஆக்குகிற பெண்களில் ஒருவரை உன் குழுவில் சேர்த்துக்கொள். தன் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்க, ஒரே கரண்டியால் போட்டுக்கொண்டு போகிற அந்தக் கையின் வேகம் கல்யாணப் பந்தியில் கிடைக்காது.

எங்கே ஆடுவது என்று கேட்டிருந்தாய். காரைக்காலில் நல்ல அரங்கம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னாய். என்னைக் கேட்டால் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. கோட்டையடுப்பு இருக்கிற இடம், கருத்த சுவர், வழுக்குகிற தரை. பார்க்க வருகிறவர்களை முன்வாசல் வழியாக விடாதே. காய்கறி மூட்டையும் சமையல் ஆட்களும் நுழைகிற பின்வாசல் வழியாக வரச் சொல். எச்சில் இலை விழுகிற தொட்டியைத் தாண்டித்தான் அவர்கள் உள்ளே வர வேண்டும். தரையில் தண்ணீர் தேங்காமல் கோணி போடு, பிள்ளைகள் சறுக்கி விழுந்தால் முழங்கால் போய்விடும். கீற்றுப் பந்தல் இருந்தால் கீழே தீ வேண்டவே வேண்டாம்.

காளியைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அசுரனை அவள் அழித்த இடம் என்பதால் உன் ஊருக்கு அம்பகரத்தூர் என்று பேர் என்பார்கள். மகிஷ சம்ஹார நினைவாகத் திருவிழா எடுக்கிறீர்கள். திருவாலங்காட்டில் சிவனோடு போட்டியிட்டு ஆடியவளும் காளிதான். அம்மையார் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த ஆட்டத்தின் பக்கத்தில்தான். அடுப்படியைவிட்டு வெளியேறிய பெண் போய்ச் சேர்ந்த இடம், காளி ஆடிய இடம். காரைக்காலிலிருந்து கிளம்பி உன் ஊர்க் கோயில் வாசலில் முடிகிற ஒரு பாதை இதற்குள் இருக்கிறது. இப்போதே அதைப் படைப்பில் திணிக்காதே. கோயில் முன்னால் பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைக்கிற நாளில், புகைக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திரு. ஏதாவது வரும்.

நான் ஆடி பிறந்ததும் வருகிறேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், வாய் திறக்க மாட்டேன். அம்மாவின் முறம் ஒன்று பரணில் கிடக்கிறது. விளிம்பில் மூங்கில் பிய்ந்திருக்கிறது. வெந்தயம் அரைத்துப் பூசிக் காயவைத்து எடுத்து வருகிறேன். பெரிய அக்காவிடம் கொடு. நாவுவதற்கு அது கையில் நன்றாக நிற்கும்.

அன்புடன்,
உன் டீச்சர்